80 ரூபாய்க்கு எடுத்து 100 ரூபாய்க்கு விற்றால்

நேற்று களுவாஞ்சிகுடியில் அப்பாவின் பலசரக்குக் கடையில் நின்றேன். மேசையில் கிடந்த மொத்தக் கடை பில்லைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு மாமி கேட்டார்: "80 ரூபாய்க்கு எடுத்து 100க்கா விக்கிறீங்க மனே? கால்வாசி லாபமா?" மனதுக்குக் கஷ்டமாகிவிட்டது. அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

கொள்விலையில் பார்த்தால் அந்த 20 ரூபாய் 25 வீதம். விற்ற விலையில் பார்த்தால் 20 வீதம். கடைக்காரர் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். வாடகை, கரண்ட் பில், வேலைக்கு நிற்கும் தம்பியின் சம்பளம் எல்லாம் விற்ற காசிலிருந்துதான் போகின்றன. எலி கடித்த பையும் திகதி முடிந்த பிஸ்கட்டும் அதற்குள்தான்.

அந்த 20 வீதமும் எல்லாச் சாமானுக்கும் கிடைக்காது. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு அரசாங்கம் விலை நிர்ணயித்தபோது மொத்த விலை 225, சில்லறை விலை 230. கிலோவுக்கு 5 ரூபாய், 2 வீதம் சொச்சம். மூட்டை இறக்கிய கூலியும் அதற்குள் அடங்க வேண்டும். சீனி, பருப்பு விலையோ ஊருக்கே மனப்பாடம், கொஞ்சம் கூட்டினாலும் ஆட்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். பிளாஸ்டிக் வாளியில் கூடுதலாக வைப்போம், அதை மறைக்கவில்லை. மாதக்கணக்கில் தூசி பிடித்துக் கிடந்து விற்கிற சாமான் அது. இரண்டையும் சேர்த்துத்தான் கடை ஓடுகிறது. கம்பனிச் சாமானில் எங்கள் பங்கைக் கம்பனியே தீர்மானிக்கிறது.

அப்புறம் கடன் கொப்பி. "வெள்ளாமை வெட்டினதும் தாறன்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். தருவார்கள், பொய்யில்லை. ஆனால் அதுவரை மாதக்கணக்கில் அப்பாவின் முதல் அந்தக் கொப்பிக்குள் முடங்கிக் கிடக்கும். கம்பனி வேன் அடுத்த கிழமையே காசுக்கு வந்து நிற்கும். 100 ரூபாய்ச் சாமானைக் கடனுக்குக் கொடுத்தால், அந்த 20 ரூபாயை மட்டுமல்ல, கையிலிருந்து போட்ட 80 ரூபாயையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். சுப்பர் மார்க்கெட்டில் யாரும் கொப்பி கேட்பதில்லை, அங்கே விலை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய அளவில் எடுப்பதால் அவர்களுக்குக் கம்பனி கொடுக்கும் விலைக்கழிவும் எங்களுக்குக் கிடைக்காது.

ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர்ப் போத்தலைக் குளிராக்கித் தந்ததற்கென்று, அச்சிட்ட விலைக்கு மேல் 10, 20 ரூபாய் எடுப்பது. கடையின் பங்கு அந்த விலைக்குள்ளேயே இருக்கிறது, மேலே எடுப்பது சட்டப்படியும் குற்றம். அப்படி எடுத்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அதிகாரசபையிடம் சொல்லுங்கள். எங்கள் கடையானாலும் சொல்லுங்கள்.