வேலை ஒண்ணு, தரம் மட்டும் வேறயா?

நேத்து டிவில அக்னிவீர் பத்தின விவாதத்தைப் பார்த்திருப்பீங்க. அக்னிபத் திட்டத்துல நாலே வருஷத்துக்கு ராணுவத்துல சேர்க்கிற பசங்கதான் அக்னிவீர். "ஸ்கூல் முடிச்ச பையனுக்கு மாசம் 30,000 வேற யாருங்க தர்றா?"ன்னு அந்தப் பெரிய மனுஷர் கேட்டாரு. கூட இருந்தவங்க எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

அந்த 30,000 கைக்கு வராது. அக்னிவீருக்கு முதல் வருஷம் 9,000 பிடிச்சது போக 21,000தான். நாலாவது வருஷம் 40,000ல 28,000. நாலு வருஷம் முடிஞ்சு போகும்போது சேவா நிதின்னு மொத்தமா, வட்டியோட சுமார் 11.71 லட்சம் வருதேம்பீங்க. அதுக்கு அரசு போடுறது பாதி. மீதிப் பாதி அவன் சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சது. அவன் காசை அவனுக்கே கொடுக்கிறதை உபகாரம்னு சொல்லாதீங்க.

என் கோபம் தொகை மேலகூட இல்ல. பக்கத்துல நிக்கிற சிப்பாய்க்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 21,700. அதுக்கு மேல அகவிலைப்படி, ராணுவ சேவை ஊதியம் 5,200. அக்னிவீருக்கு இது ரெண்டும் இல்ல, பென்ஷன் இல்ல, பணிக்கொடை இல்ல. ஏற்கெனவே இருக்கிற எந்த ரேங்க்லயும் சேராத தனித் தரம், தனிச் சின்னம். அதே சென்ட்ரி டியூட்டி, அதே பனி, அதே எல்லை. வேலை ஒண்ணுன்னா தரமும் ஒண்ணா இருக்கணும்.

எங்க சித்தப்பா சிப்பாயாச் சேர்ந்து, நாயக் ஆகி, அதுக்கும் மேல ஹவில்தார் வரைக்கும் வந்தவர். நாயக் ஆனப்போ ரெண்டு பட்டையோட எடுத்த போட்டோவைச் சித்தி இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்துலதான் மாட்டியிருக்காங்க. அவர் போன பிறகு குடும்ப பென்ஷன்லதான் தங்கச்சி காலேஜ் முடிச்சா. அந்தப் பணம் எங்க வீட்டுல என்னவா இருந்துச்சுன்னு ஸ்டுடியோல உட்கார்ந்து பேசுறவங்களுக்குப் புரியாது.

"தெரிஞ்சுதானே சேர்றான்"னு கமெண்ட் போட வருவீங்க. வேற வழியில்லாம சேர்றவன்கிட்ட இதைச் சொல்ல மனசு எப்படி வருது? பணியில இறந்தா குடும்பத்துக்கு 48 லட்சம் காப்பீடு இருக்கு, ஒத்துக்கிறேன், அதுக்குப் பிரீமியம்கூட அவன் கட்டுறதில்ல. ஆனா அந்தத் தொகை ஒரு தடவைதான் வரும். பென்ஷன் செலவு நாட்டுக்குச் சுமையாம். சுமையைக் குறைக்க முதல்ல கண்ணுக்குத் தெரிஞ்சது 18 வயசுப் பையனா?

லீவுலயும் இதே கதைதான். சிப்பாய்க்கு வருஷத்துக்கு 90 நாள், இவனுக்கு 30. வீட்டு ஞாபகம்கூட இவனுக்குக் கம்மியாத்தான் வரும்னு முடிவு பண்ணிட்டாங்களா? நாலு வருஷம் முடிஞ்சதும் 25 சதவீதம் பேரைத்தான் வெச்சுக்குவாங்க. மத்தவங்க ஊருக்குத் திரும்பணும், முன்னாள் படைவீரர்ங்கிற அந்தஸ்துகூட இல்லாம. இனிமே 30,000 பத்திப் பேசுறவங்க, இந்தப் பசங்களோட அம்மா முகத்தைப் பார்த்து அதைச் சொல்லட்டும்.