சிவப்புக் கோடு யாருக்குத் தெரியும்?

கிராமங்களில் ஆன்டிபயாடிக் (பாக்டீரியாக் கிருமிகளுக்கு எதிரான) மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்குகிறார்கள் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலேயே அது நடந்தது.

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அம்மா, காய்ச்சலோ சளியோ எது வந்தாலும் மருந்துக் கடையில் "ஒரு செட் மாத்திரை" கேட்டு வாங்குவார். அதில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கும். சாதாரண சளி வைரஸால் வருவது, அதற்கு இந்த மருந்து வேலையே செய்யாது. இரண்டு நாளில் உடம்பு தேறியதும், மாத்திரைதான் குணமாக்கியது என்று நம்பிவிடுவார். பாவம், அவருக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

போன வருடம் சிறுநீர்த் தொற்றோடு அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தோம். கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில், வாய்வழி மருந்து எதுவுமே கேட்காது என்று வந்தது. ஆன்டிபயாடிக்கைத் தேவையில்லாமல் சாப்பிடச் சாப்பிட, கிருமிகள் அதற்கு அடங்காமல் போய்விடும். ஏழு நாள் பெரம்பூரிலிருந்து தினமும் ஆட்டோவில் போய் ஊசி போட்டுக்கொண்டோம்.

2014 முதல், அரசின் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலான ஹெச்1இல் உள்ள ஆன்டிபயாடிக்குகளை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று காட்ட மாத்திரை அட்டையில் உள்ள சிவப்புக் கோட்டைப் பற்றி 2016இல் பிரசாரமும் வந்தது. சரி, அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று ரேஷன் கடை வரிசையில் கேட்டுப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் மாத்திரை அட்டையைக் கையில் காட்டிப் பேச வேண்டும்.

அம்மாவின் சுருக்குப் பையில் மிச்சம் வைத்த நான்கு மாத்திரைகள் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆகுமே என்று எடுத்து வைத்திருந்தாராம்.