கடுகு டின்னைப் பற்றி இன்னும் ஒரு முறை

1888இல் லண்டனில் பெண்களைக் கொன்று, கடைசிவரை பிடிபடாத ஜக் த ரிப்பர் பற்றிய சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களும் அங்கே இருந்த ஒரு அண்ணா போட்ட பதிவைப் பார்த்திருப்பீர்கள். "கொலைகாரன் யாரென்று சொல்லாமல் ஒரு கடுகு டின்னைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தார்" என்று எழுதியிருக்கிறார். சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். ஆம், கதைத்தேன். இன்றும் அதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன்.

1888 செப்டெம்பர் 30 அதிகாலை 1.45 அளவில் லண்டன் மைட்டர் சதுக்கத்தில், ரிப்பர் கொன்றவர்களில் ஒருவரான கத்தரின் எடோஸின் உடலை ரோந்து வந்த பொலிஸ்காரர் கண்டார். அதற்கு முக்கால் மணித்தியாலம் முன்புதான் பிஷப்ஸ்கேட் பொலிஸ் நிலையத்திலிருந்து கத்தரினை வெளியே விட்டிருந்தார்கள். குடிவெறியில் வீதியில் கிடந்தார் என்று பிடித்து வைத்திருந்தார்கள். வெளியே போகும்போது அவர் சொன்னது பொய்ப் பெயர். அவரிடம் இருந்தவற்றைப் பொலிஸார் ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்கள். ஒரு தகர டப்பாவில் தேயிலை, இன்னொன்றில் சீனி. ஆறு துண்டு சவர்க்காரம். பன்னிரண்டு வெள்ளைத் துணித் துண்டுகள். சீப்பு, ஊசிகள், ஒற்றைச் சிவப்புக் கையுறை, உடைந்த மூக்குக்கண்ணாடியில் ஒரு பாதி. ஒரு கடுகு டின், அதற்குள் இரண்டு அடைவுச் சீட்டு.

அந்தச் சீட்டுகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததைப் படித்துவிட்டுத்தான் அவரோடு வாழ்ந்த ஜோன் கெலி பொலிஸிடம் போனார். ஒரு சீட்டு கெலியின் சப்பாத்துக்கு உரியது. கென்ட் பக்கம் பியருக்குப் போடும் ஹொப் பூப் பறிக்கப் போய், கையில் காசில்லாமல் நடந்து திரும்பியவர்கள் அவர்கள். கத்தரின் உள்ளே போய்ச் சப்பாத்தை அடைவு வைக்க, கெலி வெறுங்காலோடு கடை வாசலில் நின்றார். கிடைத்தது இரண்டரை ஷில்லிங். அந்தக் காசில்தான் தேயிலையும் சீனியும் வாங்கினார்கள். பொய்ப் பெயரோடு செத்துக் கிடந்த மனுஷிக்குச் சொந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது அந்தக் கடுகு டின்தான், அண்ணா.

"கொலைகாரன்தானே முக்கியம்?" சரி, அதற்கே வருகிறேன். 2014இல் ஒரு சால்வையைக் காட்டி, கத்தரினுடையது, மரபணு கிடைத்துவிட்டது, பொலிஸ் அன்றே சந்தேகித்த கொஸ்மின்ஸ்கிதான் ஆள் என்றார்கள். 2019இல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. நீங்களும் கூட்டத்தில் அதைத்தான் சொன்னீர்கள். பொலிஸ் பட்டியலில் அந்தச் சால்வை இல்லை. ஊசியையும் வெற்றுத் தீப்பெட்டியையும்கூட எழுதியவர்கள் ஒரு பெரிய சால்வையை எழுதாமல் விடுவார்களா? பட்டியலைப் படிக்காதவர்கள்தான் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டோம் என்கிறார்கள். லண்டன் பொலிஸ் உயர் அதிகாரி மக்நாட்டன் 1894இல் எழுதிய குறிப்பில், இன்னொரு சந்தேக நபரான ட்ருயிட்டை 41 வயது வைத்தியர் என்றார். ட்ருயிட் 31 வயது வழக்கறிஞர், பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அதிகாரி எழுதினாலும் சரிபார்க்கத்தான் வேண்டும். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும். என் விடுமுறை நாட்கள் க்ளார்க்கன்வெல் ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடுகளோடுதான் போகின்றன.

ஏன் இந்தப் பட்டியலில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கிறீர்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து எல்லோரும் வெளிக்கிட்டபோது எனக்குப் பதினொரு வயது. நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்கப் பத்து நிமிடம். கொட்டும் மழை. அம்மா நகைப் பெட்டியை மாமாவிடம் கொடுத்துவிட்டு, தேயிலைப் பேணியையும் சீனிப் பேணியையும் தன் சீலையோடு சேர்த்துக் கட்டியிருந்தா. விடிய எங்கேயாவது பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி வைக்கலாம் என்று. வீடு இல்லாதவள் வீட்டை உடம்போடுதான் கொண்டு திரிவாள். கத்தரினின் பட்டியலை முதன்முதலில் படித்த அன்று, தேயிலை, சீனி என்ற இரண்டு வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை. எழுந்து வெளியே போய் நின்றேன்.

இதைச் சொன்னால் அடுத்தது தயாராக இருக்கும்: "எங்கட சனம் காணாமல் போய்க் கிடக்கு, உனக்கு வெள்ளைக்காரியின் சாவு தேவையா?" இந்தக் கேள்விதான் எனக்கு வலித்தது. இதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் காணாமல் போனவர்களில் ஒருவரின் கையில் கடைசியாக என்ன இருந்தது என்று அவர் தாயிடம் கேட்டிருக்கிறீர்கள்? நான் என் பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறேன். காணாமல் போன அவவின் மகன், என் பெரியம்மா அண்ணாவின் நீலச் சேட்டு, பொக்கற்றில் ஒரு பஸ் டிக்கட், இடது செருப்பில் வார் அறுந்து ஊசி குத்தியிருந்தது. எல்லாம் சொன்னா. "இவ்வளவு காலத்தில் இதை ஒருத்தரும் கேட்கேல்லை மோனை" என்றா. ஆர் கொண்டு போனது என்றுதான் வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்களாம்.

கொலைகாரனைத் தேடுபவர்கள் தேடட்டும். ஆனால் பிரேத அறைப் படத்தை முகப்பில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து "பிணத்தை நோண்டுகிறாள்" என்று எழுதாதீர்கள். ஈஸ்ட் ஹாமில் என் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், மேனர் பார்க் பக்கத்து சிட்டி ஒஃப் லண்டன் மயானத்தில்தான் கத்தரினைப் புதைத்தார்கள். ரிப்பர் கொன்ற இன்னொருவரான பொலி நிக்கல்ஸும் அங்கேதான். எத்தனையோ முறை போயிருக்கிறேன். உங்களை அங்கே ஒரு நாளும் கண்டதில்லை.

அடுத்த கூட்டத்தில் பொலியின் பட்டியலைப் படிக்கப் போகிறேன். நீங்களும் வாருங்கள், அரை மணித்தியாலம் எடுக்காது. ஒரு சீப்பு, ஒரு வெள்ளைக் கைக்குட்டை, உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு துண்டு.