சேனலின் எம்ஆர்பி டிடிஎச்சுக்கும் கேபிளுக்கும் ஒன்றேதான்

கேபிளில் 19 ரூபாய்க்குக் கிடைக்கும் சேனலுக்கு டிடிஎச்காரர்கள் கூடுதல் விலை வைத்து விற்கலாம், அதனால்தான் டிஷ் போட்டால் பில் ஏறுகிறது என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருப்பதால் சின்னத் திருத்தம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, கட்டணச் சேனலின் எம்ஆர்பியை நிர்ணயிப்பது சேனல் நிறுவனம். அது கேபிள், டிடிஎச் இரண்டுக்கும் ஒன்றேதான். யாரும் அதற்கு மேல் வாங்கக் கூடாது, குறைத்துக் கொடுக்கலாம்.

அப்புறம் ஏன் பில் வேறுபடுகிறது? பெரும்பாலும் சேனல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு வாங்கும் நெட்வொர்க் கட்டணத்தாலும், சேனல்களைத் தொகுத்து விற்கும் பேக்குகளாலும்தான். நெட்வொர்க் கட்டணத்துக்கு முன்பு உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் டிராய் அதை எடுத்துவிட்டது. ஆகவே நண்பருக்கு டிடிஎச் பில் கூடுதலாக வந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. காரணம்தான் வேறு.

சரிபார்ப்பது எளிது. ரிமோட்டில் 999 அழுத்துங்கள். வாடிக்கையாளர் தகவலுக்கென்று டிராய் ஒதுக்கிய எண் அது. சேனல் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே விலையும் இருக்க வேண்டும். கேபிள் வைத்திருக்கும் பக்கத்து வீட்டிலும் அதே சேனலின் விலையைப் பாருங்கள். எஸ்டியை (சாதாரணத் தரச் சேனலை) எஸ்டியோடுதான் ஒப்பிட வேண்டும், எச்டிக்கு விலை தனி. பட்டியல் விலையில் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது, பில்லில்தான் வரும்.