முகக்கவசம் சல்லடை அல்ல

“கொரோனா வைரஸ் 0.1 மைக்ரோன் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு); என்95 முகக்கவசம் 0.3 மைக்ரோனைத்தான் தடுக்கும். வைத்தியர்களும் தாதிமாரும் அதைப் போடுவது வீண்” என்றொரு செய்தி கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்க வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

0.3 என்பது சோதனைக்கு எடுக்கும் துகளின் அளவு, கவசத்தின் துளை அளவு அல்ல. மிகச் சிறிய துகள்கள் நேர்கோட்டில் போவதில்லை. அங்குமிங்கும் அலைந்து இழைகளில் மோதி ஒட்டிக்கொள்ளும். இழைகளின் மின்னேற்றமும் அவற்றை இழுக்கும். அத்துடன் வைரஸ் தனியாக அல்ல, எச்சில் துளிகளோடுதான் வெளிவருகிறது.

சரி, எப்போது பயன் குறையும்? முகத்தோடு இறுகப் பொருந்தாதபோது. தாடி இருந்தாலே ஓரத்தால் காற்று நுழைந்துவிடும்.

2020 ஜனவரியில் இலங்கையின் முதல் கொவிட் நோயாளியைப் பராமரித்தது அங்கொடை ஐ.டி.எச். தொற்றுநோய் வைத்தியசாலை. அப்படியான வாட்டுகளில் நிற்பவர்களின் கவசத்தை வீண் என்னும் செய்தியைத் தயவுசெய்து பகிராதீர்கள்.