நோயியல் படித்தால் பிரேத அறைதானா?

"நோயியல் படித்தால் ஆயுள் முழுக்கப் பிரேதப் பரிசோதனைதான், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வழியில்லை" என்று ஹட்டன், நுவரெலியா மாணவர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது.

தவறு. சந்தேக மரணங்களைப் பார்ப்பவர் சட்ட வைத்திய அதிகாரி. அது வேறு துறை. நோயியலாளரின் வேலை பெரும்பாலும் உயிரோடு இருப்பவர்களின் இழையத்தோடுதான். மார்பகக் கட்டியில் எடுத்த துண்டை ஃபோர்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, சில மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவி, சாயமேற்றிய பிறகு நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார். புற்றுக் கலங்களில் ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்று அவர் சொன்னால்தான், அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து கொடுப்பதா என்று தீர்மானிக்க முடியும். புதிய மருந்தாய்வுகளில் யாரைச் சேர்ப்பது என்பதும் பல நேரம் இந்த அறிக்கையைப் பொறுத்ததே.

சரி, பாதை? எம்.பி.பி.எஸ். பேராதனையிலேயே படிக்கலாம், அப்புறம் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் இழைய நோயியல் எம்.டி. நீண்ட பாதை என்று மட்டும் அந்தத் தகவல் சொல்லியிருந்தால் மறுத்திருக்க மாட்டேன்.