சோதனை வேறு வழியாக வந்தது

துன்புறுத்தல் வந்தால் விசுவாசம் தானாக உறுதிப்படும் என்று, ரோம அரங்கத்தில் சிங்கங்களுக்கு முன் நின்ற ஆதிக் கிறிஸ்தவர்களைப் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை சொல்கிறது. இலங்கையின் மட்டக்களப்பில் இருந்து பார்த்தால் அவ்வளவு லேசாகத் தெரியவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று இங்குள்ள சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளும் இறந்துபோனார்கள். அதன் பிறகு கிறிஸ்துவை மறுதலி என்று யாரும் எங்களிடம் வந்து நிற்கவில்லை. வந்தது வேறு: குண்டு வைத்தவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதிகள் என்பதால், முஸ்லிம் கடைகளில் இனிச் சாமான் வாங்காதே என்று போனுக்குப் போன் சுற்றிய செய்திகள். ஜெபக்கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போதே அதை வாசித்துத் தலையாட்டினார்கள் (முன்வரிசைக்காரர்கள்தான்). இயேசுவின் சீடர் பேதுருவும் சாட்டையடிக்குப் பயந்தா அவரை மறுதலித்தார்? முற்றத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கே தடுமாறிவிட்டார். அவனவன் தன் சுய இச்சையாலேயே இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு 1:14 சொல்கிறதே, ரோம அரங்கத்துச் சிங்கங்களைப் பற்றி இவ்வளவு எழுதியவர் அதற்கும் ஒரு பந்தி ஒதுக்கியிருக்கலாம்.